நாம் விடும் காபனுக்கு நாமே ஈடு: வன்னியில் இருந்தபடி செய்யக்கூடிய முழுமையான வழிகாட்டி

வன்னியில் இருக்கும் ஒருவர் ஒரு வருடம் முழுக்க விடும் காபனைவிட, லண்டனில் இருந்து ஒருமுறை ஊருக்கு வந்துபோகும் அவருடைய அண்ணன் விடும் காபன் அதிகம். இலங்கையில் எரிபொருளால் ஆளுக்கு வருடம் ஒரு தொன் அளவில்தான் காபனீரொட்சைட்டு வெளியேறுகிறது. கொழும்பிலிருந்து லண்டன் போய்த் திரும்பும் விமானத்தில் ஒரு சாதாரண இருக்கைக்கு மட்டும் ஏறத்தாழ ஒன்றரைத் தொன் வந்துவிடும். கனடாவில் வாழ்பவருக்கு ஆண்டுக் கணக்கே பத்துத் தொன்னுக்கு மேல்.

அப்படியென்றால் வன்னிக்காரர் எதற்கு இந்தக் கணக்கைப் பார்க்கவேண்டும் என்று கேட்பது நியாயம்தான். 2018 டிசம்பரில் இரணைமடுக் குளத்தின் வான்கதவுகள் திறக்கப்பட்டுக் கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் வீடும் வயலும் வெள்ளத்தில் மூழ்கின. அதற்கு முந்திய இரண்டு வருடங்கள் மழை பொய்த்துக் குளங்கள் வற்றிக் கிடந்தன. காலநிலை குழம்பினால் முதலில் அடிவாங்குவது மானாவாரிக் காணியும் குளத்தடி வயலும்தான். இன்னொரு காரணமும் உண்டு. காபனைக் குறைக்கவும் பிடித்து வைக்கவும் தேவையான காடு, குளம், வயல், கண்டல் எல்லாம் நம் காலடியிலேயே இருக்கின்றன. கொழும்பில் மாடி வீட்டில் இருப்பவருக்கு இந்த வசதி கிடையாது.

ஈடு, அதாவது நாம் விட்ட காபனுக்குச் சமமான அளவை வேறோரிடத்தில் குறைப்பது அல்லது பிடித்து வைப்பது, என்றதும் மரம் நடுவதுதான் பலருக்கும் நினைவுக்கு வரும். இங்கே அதற்கு முன்னால் செய்யவேண்டியவை சில இருக்கின்றன. அவை செலவு குறைந்தவை, பலனும் நிச்சயமானது. அந்த வரிசையிலேயே போவோம்.

படி 1: ஒரு கொப்பி வாங்கிக் கணக்கெடுங்கள்

இணையத்தில் கிடைக்கும் காபன் கணிப்பான்கள் பெரும்பாலும் ஐரோப்பிய வீடுகளுக்காகச் செய்யப்பட்டவை. வீட்டை எவ்வளவு சூடாக்குகிறீர்கள் என்று கேட்கும். வாட்டர் பம்புக்கு எவ்வளவு மண்ணெண்ணெய் விடுகிறீர்கள் என்று கேட்காது. கொப்பியும் பேனையும் போதும். கீழே உள்ளவற்றால் பெருக்கினால் கிலோவில் காபனீரொட்சைட்டு கிடைக்கும்.

பெற்றோல் ஒரு லீற்றர்: 2.3 கிலோ
டீசல் ஒரு லீற்றர்: 2.7 கிலோ
மண்ணெண்ணெய் ஒரு லீற்றர்: 2.5 கிலோ
சமையல் காஸ், 12.5 கிலோ சிலிண்டர் ஒன்று: ஏறத்தாழ 37 கிலோ
மின்சாரம் ஒரு யூனிட்: ஏறத்தாழ அரைக் கிலோ

ஒரு லீற்றர் பெற்றோலின் நிறையே முக்கால் கிலோதானே, அதிலிருந்து எப்படி 2.3 கிலோ வரும் என்று தோன்றும். எரியும்போது அதிலுள்ள காபன் காற்றிலிருக்கும் ஒட்சிசனோடு சேருகிறது. கூடும் நிறை அந்த ஒட்சிசனுடையது. மின்சாரத்தின் அளவு வருடத்துக்கு வருடம் மாறும்: மலைநாட்டில் நல்ல மழை பெய்து நீர்மின்சாரம் கிடைத்தால் குறையும், நுரைச்சோலையின் நிலக்கரியும் டீசல் நிலையங்களும் கூட ஓடினால் ஏறும். வீட்டுக் கணக்குக்கு அரைக் கிலோ என்று வைத்தால் பெரிய பிழை வராது.

ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். மோட்டார் சைக்கிளுக்கு மாதம் 15 லீற்றர் பெற்றோல், வருடத்துக்கு 6 சிலிண்டர், மாதம் 80 யூனிட் மின்சாரம். பெற்றோலால் 414 கிலோ, காஸால் 222, மின்சாரத்தால் 480. மொத்தம் 1,116 கிலோ. நான்கு பேர் வீட்டுக்கு ஒரு தொன்னும் கொஞ்சமும். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. உலக அளவில் இது மிகச் சிறிய தொகை.

இதோடு பயணங்களையும் எழுதுங்கள். கிளிநொச்சியிலிருந்து கட்டுநாயக்கா போய்த் திரும்ப 600 கிலோமீற்றருக்கு மேல். லீற்றருக்குப் பத்துக் கிலோமீற்றர் ஓடும் வான் வண்டியில் போனால் 60 லீற்றர் டீசல், அதாவது 160 கிலோ காபனீரொட்சைட்டு. வானில் எட்டுப் பேர் இருந்தால் ஆளுக்கு 20 கிலோ. ஒருவரைக் கூட்டிவர வெறும் வான் போனால் முழுவதும் அந்த ஒருவர் தலையில். ரயிலிலோ பஸ்ஸிலோ போனால் இதில் சிறு பங்குதான் வரும்.

விறகை எப்படிக் கணக்கிடுவது? காய்ந்த மரத்தில் ஏறத்தாழ பாதி காபன். ஒரு கிலோ எரிந்தால் 1.8 கிலோ காபனீரொட்சைட்டு. ஆனால் வளவில் விழுந்த மட்டை, வேலியில் வெட்டிய சீமைக்கிளுவைக் கொப்பு, பனங்கழிவு இவையெல்லாம் திரும்பத் தழைப்பவை, அல்லது எப்படியும் உக்கிப் போகிறவை. அவற்றுக்குப் பூச்சியம் போடலாம். காட்டில் பச்சை மரத்தை வெட்டி எரித்தால் முழுவதையும் எழுதவேண்டும்.

படி 2: குறைக்கக்கூடியதை முதலில் குறையுங்கள்

வெளியே விட்ட பிறகு பிடிப்பதைவிட விடாமல் இருப்பது எப்போதும் மலிவு. வன்னியில் நான் முதலில் கைவைக்கச் சொல்வது நீர் இறைக்கும் பம்பில். மேட்டுப்பயிர் செய்கிறவர் ஒரு கோடையில் விடும் மண்ணெண்ணெயை எழுதிப் பார்த்தால், வீட்டின் மற்ற எல்லாவற்றையும் அது தாண்டி நிற்பதைக் காண்பார். சூரியசக்திப் பம்புக்கு முதல் செலவு கூடத்தான். சோளகம் வீசும் மாதங்களில், தண்ணீர் அதிகம் தேவைப்படும் அதே நேரத்தில், வெயிலும் அள்ளிக் கொடுக்கிறது. பக்கத்துக் காணிக்காரருடன் சேர்ந்து ஒன்றை வாங்கினால் செலவு பாதி. பம்பை மாற்ற வசதி இல்லாவிட்டால் சொட்டுநீர்க் குழாயாவது போடுங்கள். இறைக்கும் நேரம் குறைந்தால் எண்ணெயும் குறையும்.

கூரைச் சூரிய மின்சாரத்துக்கு ஒரு கிலோவாற்று தொகுதி, வன்னி வெயிலில் நாளுக்குச் சராசரி நான்கு யூனிட் அளவில் தரும். வருடத்தில் 1,400 யூனிட், காபனில் 700 கிலோ. மாதம் 80 யூனிட் பாவிக்கும் வீட்டுக்கு அதுவே மிஞ்சும். மிஞ்சும் மின்சாரத்தை விற்கும் விலையும் விதிகளும் அடிக்கடி மாறுவதால், கடனெடுப்பதற்கு முன் அன்றைய விலையை உங்கள் பகுதி மின்சார அலுவலகத்தில் கேட்டு எழுத்தில் வாங்குங்கள்.

அடுப்பு பற்றி ஒன்றை அழுத்திச் சொல்லவேண்டும். காபன் கணக்குக்காக யாரும் காஸை விட்டுவிட்டுப் புகை அடுப்புக்குத் திரும்ப வேண்டாம். கண்ணெரிய ஊதி ஊதிச் சமைக்கும் அம்மாக்களின் நெஞ்சு 200 கிலோ காபனைவிடப் பெரிது. விறகில் சமைப்பவர்கள் அனகி அடுப்புக்கு மாறலாம்: இரண்டு பானை வைக்கும் மண் அடுப்பு, விலையும் குறைவு, விறகில் நாலில் ஒரு பங்காவது மிச்சம். மூன்று நான்கு மாடு இருந்தால் சாண எரிவாயுக் கலன் நல்ல வழி. ஆனால் வன்னி மாடுகள் பகலெல்லாம் தரவையில் மேய்பவை; இரவில் பட்டியில் விழும் சாணம் மட்டும்தான் கைக்கு வரும். அதை அளந்து பார்த்த பிறகு கலனின் அளவைத் தீர்மானியுங்கள். கலன் கசிந்தால் வெளியேறுவது மெதேன், காபனீரொட்சைட்டைவிடப் பல மடங்கு சூடாக்கும் வாயு. நன்மை முழுவதும் தலைகீழாகிவிடும்.

குப்பையை, முக்கியமாகப் பிளாஸ்டிக்கை, எரிக்காதீர்கள். இதற்கு விளக்கம் தேவையில்லை.

படி 3: வயலில் நிற்கும் தண்ணீர்

வன்னிக் கமக்காரர் ஒருவரால் செய்யக்கூடிய ஆகப் பெரிய ஈடு இங்கேதான் இருக்கிறது. இதைப்பற்றி மிகக் குறைவாகவே பேசப்படுகிறது என்பது எனக்கு ஆதங்கம்.

வயலில் தொடர்ந்து தண்ணீர் நின்றால் சேற்றுக்குள் காற்றுப் போகாது. காற்றில்லாத சேற்றில் வாழும் நுண்ணுயிர்கள் அழுகும் வைக்கோலையும் வேரையும் தின்று மெதேனை விடுகின்றன. நூறு வருடக் கணக்கில் பார்த்தால் ஒரு கிலோ மெதேன் 27 கிலோ காபனீரொட்சைட்டுக்குச் சமம். எப்போதும் நீர் நிற்கும் ஓர் ஏக்கர் வயலில் ஒரு போகத்துக்கு ஏறத்தாழ ஒரு தொன் காபனீரொட்சைட்டுக்குச் சமமான மெதேன் வெளியேறும். மேலே பார்த்த குடும்பத்தின் முழு வருடக் கணக்கு ஓர் ஏக்கரில் வந்துவிட்டது.

இதைக் குறைக்கும் முறை சர்வதேச நெல் ஆராய்ச்சி நிறுவனம் பல நாடுகளில் பரப்பிய காய்ச்சலும் பாய்ச்சலும். செய்முறை இது:

நான்கு அங்குல பிவிசி குழாயில் ஓரடித் துண்டு வெட்டுங்கள். அதன் கீழ்ப்பாதியில் சுற்றிவரத் துளை போடுங்கள். துளையுள்ள பாதி மண்ணுக்குள்ளும் மற்றப் பாதி வெளியிலும் இருக்கும்படி வயலில் இறக்கி, உள்ளே இருக்கும் சேற்றைத் தோண்டி எடுங்கள். இப்போது குழாய்க்குள் தெரிவது மண்ணுக்கடியில் நிற்கும் நீர்மட்டம். வரம்போரம் வைத்தால் பார்ப்பது சுலபம்.

விதைத்து முதல் இரண்டு மூன்று வாரம் வழக்கம்போலச் செய்யுங்கள்; களையை அடக்க அப்போது தண்ணீர் வேண்டும். அதன் பின் மடையை மூடிவிட்டு நீர் தானாக வற்ற விடுங்கள். மேல்மண் காய்ந்து தெரிந்தாலும் பயப்பட வேண்டாம். வேர் கீழே குடிக்கிறது. குழாய்க்குள் நீர் மண்மட்டத்திலிருந்து 15 சென்ரிமீற்றர், அதாவது அரையடி கீழே இறங்கியதும் இரண்டு அங்குலம் நிற்கும்படி பாய்ச்சுங்கள். மறுபடி வற்ற விடுங்கள். பூக்கும் பருவத்துக்கு ஒரு கிழமை முன்னிருந்து ஒரு கிழமை பின்வரை மட்டும் வற்ற விடக்கூடாது. அந்த நேரத்தில் காய்ந்தால் பதர் விழும்.

இப்படிச் செய்தால் மெதேன் மூன்றில் ஒரு பங்கிலிருந்து பாதிவரை குறையும். குறைந்த கணக்கில் வைத்தாலும் ஏக்கருக்கு 300 கிலோ. விளைச்சல் குறைவதில்லை, தண்ணீரும் மிச்சம். காலபோகத்தில் மாரி மழை நம் சொல்லைக் கேட்காது என்பதால் இது அரைகுறையாகத்தான் நடக்கும். சிறுபோகம்தான் இதற்கு உரிய இடம். இரணைமடுவிலோ முத்தையன்கட்டிலோ வவுனிக்குளத்திலோ இருக்கும் நீரின் அளவைப் பார்த்துத்தானே சிறுபோக ஏக்கரைப் பங்கிடுகிறார்கள்? ஒரு வாய்க்காலின் வயல்கள் எல்லாம் இப்படிச் செய்தால் மிஞ்சும் நீரில் இன்னும் சிலர் விதைக்கலாம். தனி ஒருவர் மடையை மூடினால் பக்கத்து வயல் நீர் வரம்பால் கசிந்து வரும். ஆகவே கமக்கார அமைப்பின் கூட்டத்தில் பேசி, ஒரே வாய்க்கால்காரர் சேர்ந்து செய்வதே சரி.

வைக்கோல் விஷயத்தில் இரண்டு சொல். எரிக்காதீர்கள். உழுது புதைப்பதானால் தண்ணீர் கட்டுவதற்கு ஒரு மாதத்துக்கு முன்னரே புதையுங்கள், காற்றோட்டமான மண்ணில் உக்கட்டும். தண்ணீர் கட்டும் தறுவாயில் பச்சை வைக்கோலைப் புதைத்தால் மெதேன் பல மடங்கு ஏறும். மேட்டுப்பயிருக்குப் போடும் யூரியாவையும் அளந்து, பிரித்துப் போடுங்கள்; 50 கிலோ மூடை ஒன்றிலிருந்து வெளியேறும் நைதரசு ஒட்சைட்டு மட்டும் ஏறத்தாழ 100 கிலோ காபனீரொட்சைட்டுக்குச் சமம்.

இந்த மெதேன் கமக்காரர் பெயரிலா, அந்தச் சோற்றை உண்கிறவர் பெயரிலா என்று ஒரு கேள்வி வரும். என் எண்ணம்: உண்பவர்கள் எல்லோரும் பங்காளிகள். ஆனால் குறைத்த பெருமை முழுவதும் கமக்காரருக்கே. கொப்பியில் இதற்கு ஒரு தனிப் பக்கம் வையுங்கள்.

படி 4: நிற்கிற மரத்தைக் காத்து, பிறகு புதிதாக நடுங்கள்

நூறு வருடப் பாலை மரம் ஒன்றில் இருக்கும் காபனை ஒரு கன்று எட்டிப்பிடிக்க நம் பேரப்பிள்ளைகள் கிழவர்களாக வேண்டும். ஆகவே முதல் வேலை காணிக்குள் நிற்கும் பாலை, முதிரை, வீரை, புளி, இலுப்பையைத் தறிக்காமல் வைப்பது. வீடு கட்ட மரம் தேவைப்பட்டால், எந்த மரத்தை விடலாம் என்று யோசித்து எடுங்கள். பலா, ஈரப்பலா, பெண் பனை ஆகியவற்றை வெட்ட அனுமதி வேண்டும் என்று 1951 இலிருந்தே சட்டம் உண்டு. மரத்தைக் கொண்டுசெல்லவும் வனவளத் திணைக்களத்தின் அனுமதி தேவை. கிராம அலுவலரிடம் முதலில் கேளுங்கள்.

நடுவதற்கு முன் வன்னியில் பார்க்கவேண்டிய ஒன்று வேறெந்த ஊர் வழிகாட்டியிலும் இருக்காது: கண்ணிவெடி. அகற்றி முடித்ததாக உறுதி செய்யப்படாத காணியில் ஒரு குழியும் வெட்டக்கூடாது. முகமாலைப் பக்கம் போல நீண்டகாலம் வெடி அகற்றிய இடங்களில் ஐமிச்சம் இருந்தால் பிரதேச செயலகத்தில் கேட்டுவிட்டு மண்வெட்டியை எடுங்கள். சந்தேகமான பொருள் தெரிந்தால் தொடாமல், வந்த வழியே திரும்பி அறிவியுங்கள்.

காலம்: குழியை ஆவணி, புரட்டாதியில் வெட்டி, முதல் மழை ஊறிய பின் ஐப்பசி, கார்த்திகையில் நடுங்கள். வடக்கில் கார்த்திகையை மரநடுகை மாதமாகக் கொள்வது பொருத்தமான ஏற்பாடு. இரண்டடி ஆழ அகலம், உக்கிய எரு, மேல்மண். தைக்குப் பின் நட்டால் வேர் இறங்குவதற்கு முன் கோடை வந்துவிடும்.

எதை நடுவது? குளக்கட்டுக்குக் கீழும் ஆற்றோரமும் மருது, நாவல். வளவில் வேம்பு, புளி, மா, பலா. வறண்ட மேட்டில் பாலை, முதிரை, விளா. இவை மெல்ல வளரும், ஆனால் வைரம் பாய்ந்த மரத்தில் காபன் நூற்றாண்டு தங்கும். எல்லையில் பனம் விதை போடுங்கள். செலவு இல்லை, தண்ணீரும் கேட்காது. யானை வரும் ஊரென்றால் வாழை, தென்னையை நம்பிக் காபன் கணக்குப் போடாதீர்கள்.

கன்று சாவது பெரும்பாலும் இரண்டு காரணத்தால். ஒன்று ஆடு, மாடு. கருக்குமட்டையாலோ முள்ளாலோ ஆளுயரக் கூடு கட்டுங்கள். இரண்டு வருடம் அது நிற்கவேண்டும். மற்றது சித்திரை முதல் புரட்டாதி வரையான வறட்சி. அடியில் சிறு துளையிட்டுத் திரி செருகிய மண்முட்டியைக் கன்றின் அருகே புதைத்து, கிழமைக்கு ஒருமுறை நிரப்பினால் நீர் வேருக்கே போகும். மேலே வைக்கோலால் மூடாக்குப் போடுங்கள். இந்த இரண்டு கோடையையும் தாண்டிய கன்றைத்தான் கணக்கில் சேர்க்கவேண்டும்.

ஒரு மரம் எவ்வளவு பிடிக்கும்? இருபது வருடத்தில் ஒரு வேம்பு தண்டு, கிளை, வேர் எல்லாம் சேர்த்து 300 கிலோ காய்ந்த நிறைக்கு வளர்கிறது என்று வைப்போம். 1.8 ஆல் பெருக்கினால் 540 கிலோ காபனீரொட்சைட்டு; வருடச் சராசரி 27 கிலோ. முன்சொன்ன குடும்பத்தின் 1,116 கிலோவுக்கு 41 மரம் உயிரோடு வளரவேண்டும். பாதி செத்துவிடும் என்றால் 82 கன்று நடவேண்டும். லண்டன் பயணம் ஒன்றுக்கு மூன்று மரம் இருபது வருடம் நிற்கவேண்டும். அப்படி ஒரு பயணத்துக்கு எழுதிய மரத்தை அடுத்த பயணத்துக்கும் எழுதக்கூடாது. முதல் ஐந்து வருடத்தில் பிடிபடுவது மிகச் சொற்பம் என்பதையும் மனதில் வையுங்கள். புகை இன்றே மேலே போய்விட்டது.

கரையோரத்தவர்களுக்குக் கண்டல் காடு உண்டு. நந்திக்கடல், நாயாறு, கொக்கிளாய், சுண்டிக்குளம் பக்கங்களில் கண்டலின் அடிச்சேறு, மரத்தைவிடக் கூடுதலாகக் காபனைப் பிடித்து வைத்திருக்கிறது. ஆனால் புதிதாக நடுவதில் கவனம். சுனாமிக்குப் பின் இலங்கையில் நட்ட கண்டலில் ஐந்தில் ஒரு பங்கு பரப்பளவுதான் தப்பியது என்று 2017 இல் வெளியான ஆய்வு காட்டியது. உவர், வற்றுப்பெருக்கு பொருந்தாத இடத்தில் நட்டதே முக்கிய காரணம். இருக்கும் கண்டலை வெட்டாமல், நீரோட்டத்தை மண் போட்டு மறிக்காமல் காத்தால் அது தானே பரவும். கடற்றொழிலாளர் சங்கங்களுக்கு எந்த இடத்தில் எது பிடிக்கும் என்று தெரியும். அவர்களைக் கேட்காமல் இறங்காதீர்கள்.

படி 5: வெளிநாட்டில் இருப்பவர்கள் பணம் அனுப்பும்போது

கன்று வாங்கக் காசு அனுப்பாதீர்கள். கன்று மலிவு, பராமரிப்புத்தான் செலவு. இரண்டு கோடைக்கு நீர் ஊற்றி வேலி பார்க்கிற ஒருவருக்குச் சம்பளம் கொடுங்கள். நட்ட அன்று பாதி, இரண்டாவது கோடை முடிந்து உயிரோடு நிற்கும் மரத்தை எண்ணி மீதி என்று பேசிக்கொள்ளலாம். காணி யாருடையது என்பதைத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். அரச திணைக்களம் ஏதாவது எல்லைக்கல் போட்டுப் பிணக்கில் இருக்கும் காணியில் நட்டால் நாளை அந்த மரமே ஊரவருக்கு எதிரான சாட்சியாகலாம். பள்ளிக்கூட வளவு, கோயில் வளவு, உறுதியுள்ள சொந்தக் காணி இவை பாதுகாப்பு. மரத்தைவிட விரைவாகப் பலன் வேண்டுமானால், ஊரில் ஒரு குடும்பத்தின் மண்ணெண்ணெய்ப் பம்பைச் சூரியசக்திக்கு மாற்றிக் கொடுங்கள். அது முதல் நாளிலிருந்தே புகையை நிறுத்தும், அந்தக் குடும்பத்தின் செலவையும் குறைக்கும்.

படி 6: காபன் கிரெடிட் வாங்குவதானால்

காபன் கிரெடிட் என்பது வேறோரிடத்தில் குறைத்த அல்லது பிடித்த காபனுக்கான, விலைக்கு வாங்கக்கூடிய சான்று. ஒரு கிரெடிட் என்றால் ஒரு தொன் காபனீரொட்சைட்டு. வெரா, கோல்ட் ஸ்டாண்டர்ட் போன்ற அமைப்புகள் திட்டங்களைப் பதிவுசெய்து இலக்கம் கொடுக்கின்றன. இலங்கையில் காலநிலை நிதியம் இதேபோன்ற ஒரு கிரெடிட் திட்டத்தை நடத்துகிறது. 2023 இல் பிரித்தானியாவின் கார்டியன் பத்திரிகையும் கூட்டாளிகளும் வெளியிட்ட விசாரணை, வெரா அங்கீகரித்த மழைக்காட்டுக் கிரெடிட்டுகளில் பெரும்பகுதி உண்மையான குறைப்பைக் காட்டவில்லை என்றது. வெரா அதை மறுத்தது. ஆகவே வாங்குமுன் நான்கு கேள்வி கேளுங்கள். இந்தப் பணம் வராவிட்டாலும் அந்த வேலை நடந்திருக்குமா? மரம் எரிந்தால் அல்லது வெட்டினால் யார் பொறுப்பு? இங்கே காத்த காட்டுக்குப் பதிலாகப் பக்கத்துக் காடு வெட்டப்படுகிறதா? இதே தொன்னை வேறு யாருக்கும் விற்றார்களா? வாங்கிய பின் அந்தக் கிரெடிட் உங்கள் பெயரில் பாவித்து முடிக்கப்பட்டதாகப் பதிவேட்டில் தொடர் இலக்கத்தோடு தெரியவேண்டும். தெரியாவிட்டால் அது வெறும் நன்கொடை.

அடுப்பு, சாண எரிவாயு, நெல்வயல் மெதேன் போன்ற திட்டங்களை நான் காட்டுத் திட்டங்களுக்கு மேலே வைப்பேன். ஒருமுறை வெளியேறாமல் போன புகை திரும்பி வராது, காடு எரியலாம்.

படி 7: கொப்பியை நேர்மையாக வைத்திருப்பது

காலபோக அறுவடை முடிந்த மாசியில் வருடத்துக்கு ஒருமுறை உட்காருங்கள். ஒரு பக்கத்தில் வெளியேறியது, எதிர்ப்பக்கத்தில் குறைத்தது, மூன்றாவதில் பிடித்து வைத்தது. குறைத்ததையும் பிடித்ததையும் ஒன்றாகக் கூட்டாதீர்கள். மரங்களுக்கு இலக்கமிட்டு, நிலத்திலிருந்து 1.3 மீற்றர் உயரத்தில், அதாவது நெஞ்சளவில், நாடாவால் சுற்றளவு எடுத்து எழுதுங்கள். பட்ட மரத்துக்கு நேரே பட்டது என்றே எழுதி, காரணத்தையும் குறியுங்கள்: மாடு, யானை, வறட்சி, வெள்ளம். மூன்று நான்கு வருடத்தில் உங்கள் மண்ணில் எது நிலைக்கும் என்பதை அந்தப் பக்கமே காட்டும். அடுத்த கார்த்திகைக்குக் கன்று எடுக்கும்போது அதைப் பார்த்து எடுங்கள்.